உலோகம் போல மின்னும் போக்கர் சிப்: வருடக்கணக்கில் புழங்கிய பிறகு

நண்பர்களோடு வீட்டில் ஆடும் போக்கர் சீட்டாட்டத்துக்கு நானே டிசைன் செய்து சிப் (பந்தயம் கட்ட வைக்கும், மதிப்பு எழுதிய வட்ட வில்லை) அடித்து வைத்திருக்கிறேன். காசு வைத்து ஆடுவதில்லை, டோர்னமென்ட் முறைதான், முதலில் அவுட் ஆகிறவருக்கு பிரியாணிச் செலவு. 25, 100, 500, 1000 என்று ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உலோக நிறம். சில வருடங்கள் கை மாறி மாறிப் புழங்கியதைப் பார்த்துவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்: உலோகத் தோற்றம் வேண்டுமென்றால் உலோகத்தின் பக்கமே போகாதீர்கள்.

முழு உலோக சிப் கனமாக இருக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் உயரமாக அடுக்கினால் வழுக்கிக்கொண்டு சரியும், சத்தமும் தாங்காது. கடையில் கிடைக்கும் 13.5 கிராம் சிப் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். எடைக்காக உள்ளே ஓர் உலோகத் தகடு வைத்திருப்பார்கள், காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். எடை கூடினால் தரம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். லாஸ் வேகாஸ் காசினோக்களில் புழங்கும் களிமண் கலவை சிப்களே அதைவிட எடை குறைவு.

அடுத்தது பாயில் (foil) அச்சு. பளபளக்கும் மெல்லிய தகட்டைச் சூடான அச்சால் சிப்பின் மேல் அழுத்துவார்கள். வந்த அன்றைக்கு இதை அடிக்க எதுவும் இல்லை, உண்மையான தங்கப் பளபளப்பு. ஆனால் போக்கர் ஆடுகிறவர் கை சும்மா இருக்காதே, இரண்டு அடுக்கை ஒன்றுக்குள் ஒன்று கோத்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள், எண்ணின் மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். என்னிடம் இருந்த பழைய செட்டில் 500-இல் சுழியங்கள் உடைந்து வெறும் பிறைகளாக நிற்கின்றன. பாயில் ஸ்டிக்கர் இன்னும் மோசம், நகம் பட்ட இடத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும், அப்புறம் அதை நோண்டாமல் இருக்க யாராலும் முடியாது.

கடைசியில் நிலைத்தது 39 மி.மீ. செராமிக் சிப். பெயர்தான் செராமிக், பொருள் ஒருவகை பிளாஸ்டிக். இதில் சப்ளிமேஷன் முறையில் அச்சடிக்கிறார்கள்: சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் மை ஆவியாகி மேற்பரப்புக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே சுரண்டி எடுக்க ஒரு படலமே இல்லாததால் என் செட்டில் இன்றுவரை ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. ஆனால் இந்த முறையில் மெட்டாலிக் தங்க மை கிடையாது, வெள்ளை மையும் கிடையாது. வெள்ளை என்பது மை படாத சிப்பேதான். ஆக தங்கம், வெள்ளி எல்லாமே கண்ணை ஏமாற்றும் வேலை.

அதில்தான் டிசைனே இருக்கிறது. மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மெதுவாக இறக்கினால் தங்கம் வராது, மங்கிய பெயின்ட்தான் வரும். உலோகம் சுற்றியுள்ளதைப் பிரதிபலிக்கிறது, அதனால் இருட்டும் வெளிச்சமும் சட்டென்று அருகருகே வர வேண்டும். கடைந்து மெருகேற்றிய எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழ் பிடித்தால் நடுவிலிருந்து ஒளி விசிறியாக விரியுமே, அதே மாதிரி வட்டமாகச் சுழலும் கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாக மாறிக்கொண்டே போவது) போட்டேன். எதிரெதிரே இரண்டு ஒளிக்கீற்று, இடையில் கரும்பழுப்பு, கீற்றின் நடுவில் மையே வேண்டாம். வெள்ளிக்குக் கறுப்பு மையை மட்டும் குறைத்துப் போட்டால் சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும், துளி நீலம் சேர்க்க வேண்டும். திரையில் பார்த்த நிறம் அப்படியே வராது, எனவே சாம்பிள் அடிக்காமல் மொத்த ஆர்டர் கொடுக்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. சிப்பைச் சாய்த்தால் ஒளிக்கீற்று நகராது, கையில் எடுத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தங்கமும் செம்பும் ஒன்றாகத் தெரிகின்றன. காசினோ சிப்பின் விளிம்பில் பட்டைகள் இருப்பதே, அடுக்கைப் பக்கவாட்டில் பார்த்து, சீட்டுப் போடும் டீலரும் கேமராவும் மதிப்பைக் கண்டுகொள்ளத்தான், நீங்களும் விளிம்பில் நிறத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். விளிம்பு அச்சு முகப்போடு இம்மி பிசகாமல் சேரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது, கோடு தொடர்கிற டிசைன் என்றால் விலகல் பல்லைக் காட்டும். வெளிர் பகுதிகளில் கை அழுக்கு தெரியும், சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம், சாயம் வெளுக்கும்.

இத்தனைக்கும் என் செட்டில் பார்க்கிறவர்கள் உலோகமென்றே நம்புவது தங்கத்தை அல்ல, 1000-க்குப் போட்ட கருஞ்சாம்பல் சிப்பைத்தான். இருட்டான பரப்பில் ஒரே ஒரு மெல்லிய கீற்று, அவ்வளவுதான். 5000 சேர்க்கும்போது அதையே கருநீலத்தில் செய்யப் போகிறேன்.