செக்காலை ரோடு சோஷியல் மீடியா வகுப்பு: பிள்ளையை அனுப்பலாம், நீங்கள் போக வேண்டாம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் மகளை, செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டேன். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித் தருகிறார்கள். கட்டணம் 600 ரூபாய். போனைத் தொடாதே என்று மிரட்டும் வகுப்பு இல்லை. போனோடுதான் வரச் சொல்கிறார்கள்.

முதல் வாரமே ஒரு விளையாட்டு. ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்த்து, படங்களை மட்டும் வைத்து அவரைப் பற்றி எழுத வேண்டும். என் மகள் பக்கத்தைப் பார்த்த பையன், அவள் பள்ளி, டியூஷன் விடும் நேரம், சைக்கிள் நிறம், அப்பா கடை மதியம் எத்தனை மணிக்கு அடைக்கும் என்பது வரை எழுதிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா?

அவள் போட்ட ரீல்ஸ் ஒன்றும் அன்றைக்கு மாட்டியது. கானாடுகாத்தானில் எங்களுக்குத் தெரிந்த ஒரு செட்டியார் வீடு. வீட்டுக்காரர்கள் மலேசியாவில், வாட்ச்மேன் மட்டும்தான். முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், ஆத்தங்குடித் தரைக்கல் எல்லாம் அழகாக எடுத்திருந்தாள். கூடவே பின்கட்டுக் கதவு, ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து, மேலே "யாருமே இல்லாத பங்களா" என்று எழுத்து. சொல்லித்தரும் பெண் திட்டவில்லை. "இதை யார் யார் பார்ப்பாங்க?" என்று மட்டும் கேட்டாராம். என் தொழிலில் இது எனக்குப் புதிதில்லை. ரீல்ஸில் பார்த்த தேக்கு நிலையைப் போனில் காட்டி, "இதை வாங்கித் தர முடியுமா?" என்று என் கடைக்கே ஆள் வந்திருக்கிறது. மகள் அந்த ரீல்ஸை நீக்கிவிட்டு, மலேசியாவில் இருக்கும் அந்த வீட்டு ஆச்சிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேசினாள். தூணும் தரையும் போடலாம், கதவும் சாவியும் வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் வயது விஷயம். 16 வயதுக்குக் கீழே என்றால் இன்ஸ்டாகிராம் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். அதைத் திறந்துவிட அப்பா, அம்மா அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிபிகேஷனும் வராது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கு தொடங்கும்போது பிறந்த வருஷத்தைச் சரியாகப் போட்டிருக்க வேண்டுமே! என் மகள் கணக்குப்படி அவள் பிறந்தது 1999இல். கூடத்தில் பாதிப் பேர் இப்படித்தான், எல்லோரையும் உட்கார வைத்துத் திருத்தினார்கள்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பயந்து அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குப் போன், மற்றபடி தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார், வீட்டில் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இதெல்லாம் சுருக்கமாகச் சொன்னார்கள், போதும். கூடப் படிப்பவளைக் கிண்டல் செய்து வரும் மீமைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். அதுதான் தினமும் நடக்கிறது.

கடைசி வாரம் பெற்றோருக்கென்று ஒரு மணி நேரம் வைத்தார்கள். அது வீண். வேறு யாரோ வந்து பாதி இங்கிலீஷில் ஸ்லைடு ஓட்டினார். முடிவில், பிள்ளை போனை ரகசியமாகக் கண்காணிக்கும் ஆப் ஒன்றை வருஷச் சந்தாவுக்குத் தள்ளப் பார்த்தார். நாம் குடும்ப குரூப்பில் விசாரிக்காமல் தள்ளும் வதந்தி பற்றியோ, பிள்ளையைக் கேட்காமல் அதன் மார்க் ஷீட்டை ஸ்டேட்டஸில் வைப்பது பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் அந்த நேரத்திலும் ஸ்பீக்கரில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். பதினொன்றாவது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்களாம். மாடியில் ஏசி கிடையாது, தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள். பாஸ்வேர்டு மறந்துபோன பிள்ளைகள் முதல் வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதையும் சனிக்கிழமையே பார்த்து வைத்துவிடுங்கள்.