மதுரை ரோட்டுக்கு எந்த டயர்? ஏழு சீட்டு வண்டிக்கு மூன்று வகை அலசல்

டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், மிச்சம் இருப்பது 1.6 மில்லிமீட்டர் ஆழம்தான். புதுசில் அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். புரட்டாசிக் கடைசியில் எங்கள் எக்ஸ்யூவி 500-இன் முன் டயர்களில் நகத்தை விட்டுப் பார்த்தேன். டயரின் மேற்பரப்பும் அந்த மேடும் சமமாகிவிட்டன. ஐப்பசி மழைக்கு முன்னால் நாலையும் மாற்றியாக வேண்டும்.

என் மனைவியின் தம்பி அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "மாமா, ஏடி டயர் போடுங்க. எல்லாத்துக்கும் ஆகும். பாக்கவும் கெத்தா இருக்கும்." ஏடி என்றால் ஆல் டெரெய்ன், தார் ரோடு, மண் பாதை இரண்டுக்குமான டயர். டயர் கடைக்காரர் சொன்னது வேறு: "வெளிநாட்டு ஆல் வெதர் இருக்குண்ணே, மழை வெயில் ரெண்டுக்கும் அடிச்சுக்க முடியாது." இன்னொரு கடையில், வண்டி வரும்போது எது இருந்ததோ அதையே மாட்டச் சொன்னார்கள். மூவரும் நம்பித்தான் சொன்னார்கள். ஆனால் வண்டி எங்கே ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதை நானே எழுதிப் பார்த்தேன். தினமும் கே.கே. நகரிலிருந்து பள்ளிக்கூடம், அலுவலகம். மாதம் இரண்டு தடவை உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனி. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கொடைக்கானல் அல்லது போடிமெட்டு ஏற்றம். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கள்ளிக்குடிப் பக்கம் அப்பத்தா ஊர். நூறு கிலோமீட்டர் ஓடினால் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் தார் ரோடு. மண் பாதை என்பது ஊருக்குள் கடைசி ஒரு கிலோமீட்டர்.

எங்கள் டயர் அளவு 235/65 ஆர்17: அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். ஹாரியரிலும் ஸ்கார்பியோவிலும் பல வகைகளுக்கு இதே அளவு என்பதால் எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கிறது. அகலமாகப் போடலாமே என்று ஆசை காட்டுவார்கள். நான் போகவில்லை. சுற்றளவு மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், திருப்பும்போது உரசும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் கணக்கும் தடுமாறும்.

முதலில் அந்த 'ஆல் வெதர்' சங்கதி. உண்மையான ஆல் வெதர் டயரின் பக்கவாட்டில் மூன்று முகடு உள்ள மலையும் நடுவில் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். பனியில் பிடிமானம் சோதித்துத் தேறிய டயர் என்று பொருள். 7 டிகிரிக்குக் கீழே குளிர் போனாலும் ரப்பர் கெட்டிப்படாமல் இருக்க அதன் கலவையை மிருதுவாக வைப்பார்கள். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்த மிருது எனக்கு எதற்கு? கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும். ரோட்டில் பனி குவிவதில்லை. 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அதை இன்னும் கம்மியாகவே மதிக்கலாம். அது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் (பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டி) அமைப்பு என்று கம்பெனியே சொல்லிக்கொள்வது. அந்த எழுத்துக்குத் தனிச் சோதனை கிடையாது.

நம் ஊருக்கு எல்லாப் பருவமும் என்றால் மூன்றுதான்: அக்கினி நட்சத்திரத்தில் கொதிக்கும் தார், ஐப்பசியில் கால் மணி நேரத்தில் ரோட்டை வாய்க்காலாக்கும் மழை, மலை ஏறினால் மூடுபனியும் தூறலும். 2024 அக்டோபரில் மதுரை செல்லூர் வெள்ளத்தில் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்கு நடுவில் உள்ள மழையின் கனம் தெரியும். நான் முதலில் பார்த்ததும் அதைத்தான்: ஈர ரோட்டில் நிற்குமா.

தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும்போது, டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் போனால், டயர் தரையை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் திடீரென லேசாகிவிடும். விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் இதற்கு ஒரு தோராயக் கணக்கு போட்டார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலம்தான் அதன் அடிப்படை. 33 பிஎஸ்ஐ காற்று உள்ள மொட்டை டயர் ஏறக்குறைய 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். காற்று 25-க்கு இறங்கியிருந்தால் 83-லேயே மிதந்துவிடும். பள்ளம் ஆழமாக இருந்தால் அந்த வேகம் கூடும். கப்பலூர் தாண்டி நான்கு வழிச் சாலையில் 95 என்பது எல்லோரும் போகிற வேகம்தானே. மாதம் ஒரு தடவை காற்றைப் பார்க்காதவர் எவ்வளவு விலைக்கு டயர் வாங்கினாலும் பாதிக் காசு வீண். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். நடுப்பகலில் ஓட்டி வந்து பார்த்தால் சூட்டில் நாலைந்து பிஎஸ்ஐ கூடவே காட்டும்; அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவு.

இப்போது போட்டியாளர்கள்.

ரோட்டு டயர், அதாவது ஹெச்டி (ஹைவே டெரெய்ன்). அப்பல்லோ ஆப்டெரா ஹெச்டி2, எம்ஆர்எஃப் வாண்டரர் ஸ்ட்ரீட் இந்த ரகம். நேர்ப் பள்ளங்கள், நெருக்கமான பட்டன்கள், தாரை அதிக ரப்பர் தொடும். சத்தம் குறைவு. விலையும் நடுத்தரம். ஆப்டெராவை நண்பர் ஒருவரின் ஹாரியரில் திருமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஈர ரோட்டில் பிரேக் அடித்தபோது நம்பிக்கையாக இருந்தது. வாண்டரர் போட்ட உறவினர்கள் எல்லோரும் சொல்வது 'தேயவே மாட்டேங்குது' என்பதுதான். எனக்கு அது முழுப் பாராட்டாகப் படவில்லை. தேயாத ரப்பர் கெட்டியாக இருக்கும், கெட்டி ரப்பருக்கு ஈரத்தில் பிடிமானம் கொஞ்சம் குறையும். இது பொது விதி. அந்தக் குறிப்பிட்ட டயரை நான் அளந்து பார்த்துச் சொல்லவில்லை.

சொகுசு ரோட்டு டயர். மிஷலின் பிரைமசி எஸ்யூவியை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது: பாலத்தின் இணைப்புகளில் 'டக் டக்' என்பது அமுங்கிப் போகிறது. ஈரப் பிடிமானத்தில் மூன்று வகையில் இதற்குத்தான் என் முதல் மார்க். இரண்டு தயக்கம். விலை, நாலு டயருக்கு விசாரித்தபோது ஆப்டெராவோடு வித்தியாசம் கிட்டத்தட்ட இன்னொரு டயர் விலைக்கு வந்தது. பக்கச் சுவர் மெல்லிசு என்ற பேச்சு இரண்டாவது. மூடி சரியாக உட்காராத பாதாளச் சாக்கடை ஆள்துளைகளும், குழாய் பதிக்கத் தோண்டி மூடாத பள்ளங்களும் நம் தெருக்களில் ஏராளம். பள்ளத்தில் 'தட்' என்று இறங்கினால் பக்கச் சுவர் வீங்கும், வீங்கியதற்கு ஒட்டுப் போட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். சென்னைக்கோ கோவைக்கோ வாரம் ஒரு தடவை போகிறவர் யோசிக்காமல் இதைப் போடலாம்.

ஏடி, என் மச்சினன் பிடிவாதம். யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015, ஆப்டெரா ஏடி2. நியாயமாகச் சொன்னால் இதற்கு ஒரு பலம் உண்டு. சேறு அல்ல, முள்ளும் கல்லும். சீமைக் கருவேல முள் நம் பக்கத்து டயர்களின் முதல் எதிரி. கண்மாய்க் கரையில் வண்டியை ஓரம் கட்டினால் போதும், வீட்டுக்கு வரும்போது 'உஸ்'. ஏடி டயரின் தடித்த பட்டனும் கெட்டியான கட்டுமானமும் அதைக் கொஞ்சம் தாங்கும். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிப் பாதைகளில் ஜல்லி விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அங்கே தினம் போகிறவருக்கு ரோட்டு டயர் கட்டுப்படியாகாது.

சேற்றுக் கதைதான் எனக்குச் சிரிப்பு. கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். நனைந்த கரிசல் பசை மாதிரி; பட்டன் இடுக்குகளை நிமிஷத்தில் நிரப்பிவிடும். அப்புறம் ஏடியும் மொட்டை டயரும் ஒன்றுதான். போன வருஷம் அப்பத்தா வீட்டு வாசலில் ஏடி மாட்டிய ஒரு ஜீப்பு அப்படித்தான் நின்றது. அப்பத்தா திண்ணையிலிருந்தே, "டேய், டிராக்டரக் கூப்பிடுங்கடா, அங்கிட்டு நின்னு என்ன வேடிக்கை" என்றார். தாரில் ஏடிக்கு விலை கொடுக்க வேண்டும்: எடை அதிகம், உறுமல் சத்தம், டீசல் கொஞ்சம் கூட, ஈரத் தாரில் பட்டன்கள் வளைவதால் பிரேக் தூரமும் நீளும். ஜி015-க்குப் பல அளவுகளில் அந்தப் பனித்துகள் முத்திரையும் உண்டு. அதற்காக மதுரையில் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

பக்கவாட்டு எழுத்துகளில் இன்னும் மூன்றைப் பார்த்தேன். முதலில் பார எண்: 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000. வண்டிக்கு எழுதியதைவிடக் குறைந்த எண் வாங்கவே கூடாது. சில டயரில் 'டிராக்‌ஷன்', 'டெம்பரேச்சர்' என்று தரம் இருக்கும். முதலாவது ஈர ரோட்டில் நேராக ஓடும்போது பிரேக்குக்கு நிற்பது, இரண்டாவது சூடு தாங்குவது. இரண்டிலும் 'ஏ' தேடினேன். கூடவே இருக்கும் 'டிரெட்வேர்' எண்ணை ஒரு கம்பெனியோடு இன்னொரு கம்பெனிக்கு ஒப்பிடாதீர்கள். அவரவரே போட்டுக்கொள்ளும் மார்க் அது. கடைசியாகத் தேதி. நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம். ஒரு கடையில் தள்ளுபடி என்று காட்டிய ஜோடி இரண்டு வருஷப் பழசு. 'போர்த்தித்தான் வச்சிருந்தோம்' என்றார். நான் வேறு கடைக்கு வந்துவிட்டேன்.

டயருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதம். வரிக்கு முன் 10,000 ரூபாய் டயர் 12,800-லிருந்து 11,800 ஆக வேண்டும். பழைய பில் விலையையே சொல்கிறவரிடம் இதைக் கேளுங்கள்.

மதுரைக்காரனுக்கு ஒரு சின்ன வருத்தம்: வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை இருந்தும், அங்கிருந்து டூவீலருக்கு வாங்கலாம், என் காருக்கு இல்லை.

நான் போட்டது ஆப்டெரா ஹெச்டி2, நாலு. பணம் தாராளமாக இருந்திருந்தால் மிஷலின் போட்டிருப்பேன், வாண்டரர் மூன்றாவது. மச்சினனுக்கு மேலூரில் வேலை, தினம் குவாரிப் பாதை. அவன் ஸ்கார்பியோவுக்கு ஏடி2 போடச் சொன்னது நானேதான்.

இரண்டு மட்டும் மாற்றப் போகிறவர்களுக்கு: கடையில், "இழுக்கிறது முன்னாடிதாண்ணே, புதுசை முன்னாடி போடுவோம்" என்பார்கள். வேண்டாம். புதுசு பின்னால் போகட்டும். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் திரும்பவும் பிடிக்கும். பின் சக்கரம் வழுக்கினால் பம்பரம். இதைச் சொன்னபோது கடைக்காரர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்ணே" என்றார். அலைன்மெண்ட், பேலன்சிங் முடிந்து, ஸ்டெப்னியைக் கழற்றித் தேதி பார்த்தோம். ஒரு தடவைகூட ரோட்டைப் பார்க்காத டயர். ஆனால் வண்டியோடு வந்தது, ஏழு வயசு. பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு. கழற்றியதில் நன்றாக இருந்த பின் டயர் ஒன்றை அதன் இடத்தில் மாட்டச் சொன்னேன்.