எலி கேக் தின்ற நாயோடு ராத்திரி 12 மணிக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனது

எங்கள் மணி, நாலு வயசு நாட்டு நாய், போன மாதம் ஒரு ராத்திரி பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்த எலி கேக்கைத் தின்றுவிட்டான். மூக்கு மயிரில் நீலத் துணுக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. வாந்தி எடுக்க வைக்கலாம் என்று அம்மா உப்புத் தண்ணி கரைத்துவிட்டார், நான் தடுத்துவிட்டேன், ஏனென்றால் உடம்பில் உப்பு ஏறினால் அதுவே நாய்க்கு ஆபத்து.

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு கிளினிக்குக்குப் போன் போட்டேன். வாசலில் '24 மணி நேரமும்' என்று போர்டு இருக்கும். ஆறு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷம் போனதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது, போர்டை நம்பித்தானே நாம் மனசைத் திடமாக வைத்துக்கொள்கிறோம்.

அப்புறம் அயனாவரத்திலிருந்து நேராக வேப்பேரிக்கு ஆட்டோ. "கடிக்காதில்ல தம்பி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஏற்றிக்கொண்டார் அந்த அண்ணன். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது, "கவர் எங்கே?" நல்லவேளை எடுத்துப் போயிருந்தேன். புரோமாடியோலோன் என்று அதில் போட்டிருந்த விஷத்தின் பெயரைப் படித்தார், உதட்டைத் தூக்கி ஈறு நிறம் பார்த்தார், ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். நீலமாக வந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தின்று ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் இது நன்றாகப் பலன் தரும் என்றார். கூட நின்ற மாணவி ஒருவர் மணியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், அதை மறக்க மாட்டேன்.

அங்கே பொறுமையாக விளக்கினார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த விஷம் ரத்தம் உறையாமல் செய்வது, தின்ற அன்றைக்கு நாய் வாலாட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கும், மூன்றாம் நாள் நான்காம் நாள்தான் உள்ளுக்குள் ரத்தம் கசிய ஆரம்பிக்கும், அதனால் 'நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மணிக்கு நாலு வாரம் வைட்டமின் கே மாத்திரை, கொஞ்சம் கொழுப்போடு கறியில் வைத்து. கடைசி மாத்திரை கொடுத்து 48 மணி நேரம் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தார்கள், நார்மல். அந்த டெஸ்ட் முடியாமல் மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள்.

1962 என்ற எண்ணைப் பலர் சொல்வார்கள். அது முக்கியமாக கிராமத்து ஆடுமாடுகளுக்கான நடமாடும் மருத்துவ வண்டிக்கானது, சென்னையில் நடுராத்திரி நாயை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்க வேண்டாம், வண்டி பிடித்துக் கிளம்பிவிடுங்கள். மறுபரிசோதனைக்குப் பகலில் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பழைய சீட்டு கையில் இருக்கட்டும்.