சிஸ்டர்கள் நடத்தும் கல்லூரியில் உளவியல் படித்தேன்

2016-இல் பி.எஸ்சி. உளவியலில் சேர்ந்து 2019-இல் முடித்தேன். முடித்த கையோடு எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் எம்.எஸ்சி., இப்போது ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகர் வேலை என்று வருடங்கள் ஓடிவிட்டன. அந்தப் படிப்பில் எது இன்றைக்கும் கைகொடுக்கிறது, எது கைவிட்டது என்று இப்போதுதான் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

சென்னையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் மகளிர் கல்லூரி அது. எனக்கு ராமநாதபுரம் பக்கம், இந்துக் குடும்பம். அட்மிஷன் கிடைத்ததும் அப்பத்தாவுக்கு வந்த முதல் கவலை, "புள்ளைய வேதத்துல சேத்துருவாகளோ?" என்பதுதான். அப்படி யாரும் எதுவும் செய்யவில்லை. காலையில் ஒரு ஜெபம் இருக்கும். கிறித்தவ மாணவிகளுக்கு மறைக்கல்வி வகுப்பு, மற்றவர்களுக்கு அதே நேரத்தில் அறநெறி வகுப்பு. அவ்வளவுதான்.

எனக்கு இருந்த பயம் வேறு. மதத்தை மாயை என்று எழுதிய ஃபிராய்டை இங்கே ஒழுங்காக நடத்துவார்களா? நடத்தினார்கள். அங்கி அணிந்த சிஸ்டர் ஒருவர்தான் அந்தப் பாடத்தை எடுத்தார். ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போகவில்லை. "அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்க. அப்புறம், அதை எப்படிச் சோதிச்சுப் பார்ப்பீங்கன்னு எழுதுங்க. உங்களுக்குப் பிடிக்குதா இல்லையான்னு எனக்கு வேண்டாம்" என்பார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் கட்டிய ஃபீஸ் தகும்.

முதல் வருடத்தில் மனதில் நின்றது ஆய்வுக்கூடம். கண்ணாடியில் பார்த்து வரையும் சோதனை ஒன்று உண்டு. இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். கையை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தட்டு மறைக்கும். எதிரே இருக்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஊசியை ஓட்ட வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தது ஓர் இளம் சிஸ்டர், என் வகுப்புத் தோழி. அவர்கள் சபை நடத்தும் இல்லத்தில் மனநலம் குன்றியவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரைப் படிக்க அனுப்பியிருந்தார்கள். முதலில் இடது கை. ஊசி மூலையில் போய் நின்றுவிட்டது. மேலே போக நினைத்தால் கீழே இழுக்கிறது. நெற்றியில் வியர்வை. பிறகு வலது கையால் பலமுறை பழகிவிட்டு மறுபடி இடது கையால் செய்தபோது, அந்தக் கைக்குத் தனியாகப் பயிற்சியே இல்லாமல் தவறுகள் சட்டென்று குறைந்துவிட்டன. ஒரு கை கற்றது மறு கைக்கும் போகிறது. புத்தகத்தில் இது இரண்டே வரி. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததால் இன்றுவரை மறக்கவில்லை.

ரகசியம் காப்பது பற்றிய பாடத்தை எனக்குப் புரியவைத்ததும் அந்தத் தோழிதான். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது, கேட்டதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக் கூடாது, அதில் விதிவிலக்கே இல்லை என்றார். ஆலோசகர் நிலைமை அப்படியில்லை. எதிரே இருப்பவர் தன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்றால் பேசித்தான் ஆக வேண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், 2012-இன் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே தீர வேண்டும். "அப்ப இதை அந்தப் பிள்ளைகிட்ட முதல்லயே சொல்லிடணும் இல்ல?" என்று தோழி கேட்டார். இன்றைக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை என் முன்னால் வந்து உட்கார்ந்ததும், எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

மூன்றாம் வருடத்தில் ஏர்வாடியைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்தது அது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. தர்காவில் குணமாகும் என்று நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. "நம்பிக்கைதான் அவங்களக் கொன்னது" என்று வகுப்பில் நான் கோபமாகச் சொன்னேன். வகுப்பெடுத்த சிஸ்டர் மறுக்கவில்லை. அடுத்த வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்தார். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய மனநலச் சிக்கல் உள்ள 31 பேரைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே மருந்து கிடையாது, கட்டிப்போடுவதும் கிடையாது. கூடவே குடும்பத்தார் ஒருவர் இருந்தார், சின்னச் சின்னக் கோயில் வேலைகள் இருந்தன. சராசரியாக ஆறு வாரத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. மருந்துக்கு இது மாற்று என்று அந்தக் கட்டுரை எனக்குச் சொல்லவில்லை. ஏர்வாடியில் கொன்றது பூட்டும் சங்கிலியும் என்பதைப் புரியவைத்தது. என் கோபம் போகவில்லை. ஆனால் எதன் மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை நேரடி அனுபவம். 1794-இலேயே தொடங்கியது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று வசவாகவே ஆகிப்போன பெயர். அங்கே எங்களை மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் கூட்டிப்போனார்கள். விடுமுறையில் பயிற்சிக்கு இடம் தேடுவதை எங்கள் தலையிலேயே விட்டுவிட்டார்கள். சோதனைத்தாள்கள் பலவும் வெளிநாட்டு ஆட்களை வைத்து அளவிட்டவை. கிராமத்துப் பிள்ளைக்கு அதைப் போட்டு மதிப்பெண் பார்த்தால் என்ன அர்த்தம் என்று கேட்டபோது சரியான பதில் வரவில்லை.

அதைவிட என்னை வருத்தியது மொழி. மூன்று வருடமும் எல்லாம் இங்கிலீஷ். வேலைக்கு வந்த முதல் மாதம் ஓர் அம்மா எதிரே உட்கார்ந்து, "மனசு ஒரு மாதிரியா இருக்குங்க, நெஞ்சு படபடங்குது, கை கால் ஓடல" என்றார். எனக்குத் தெரிந்த நோய்ப் பெயர்கள் அத்தனையும் மனதுக்குள் ஓடின. அவரிடம் திருப்பிச் சொல்லத்தான் ஒரு சொல் கிடைக்கவில்லை. இப்போது படிப்பவர்கள் முதல் செமஸ்டரிலிருந்தே, வீட்டிலும் பஸ்ஸிலும் மக்கள் மனதைப் பற்றிப் பேசும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் அதை வேலைக்கு வந்த பிறகுதான் தொடங்கினேன்.

இன்னொன்றையும் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பட்டம் மட்டும் இருந்தால் சிகிச்சை தர முடியாது. நான் படித்த காலத்தில் மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு வழக்கமான வழி, முதுகலை முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த இரண்டு வருட எம்.ஃபில். அதற்கு இடங்கள் குறைவு, போட்டி அதிகம். மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சேராதீர்கள். நான் அப்படித்தான் சொல்லிவிட்டுச் சேர்ந்தேன். அப்பா அடுத்த கடன் வாங்க வேண்டியதாயிற்று.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தெருவில் ஓர் அக்கா, மகன் ராத்திரியெல்லாம் தூங்காமல் தனியாகப் பேசுகிறான், வெள்ளிக்கிழமை தர்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். முன்பானால் சண்டை போட்டிருப்பேன். "போயிட்டு வாங்கக்கா. திங்கக்கெழம என்கூட ஜி.ஹெச்.சுக்கு வாங்க, மனநல டாக்டரப் பாப்போம். நடுவுல ராத்திரி பயமா இருந்தா 14416-க்கு அடிங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாக" என்றேன். திங்கட்கிழமை எட்டரை மணிக்கே பஸ் ஸ்டாண்டில் மகனோடு நின்றிருந்தார். அவன் கையில் தர்காவில் கட்டிய கயிறு இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், கழற்றச் சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டை எழுதி அக்கா கையில் கொடுத்தார்.