18,600 ரூபாய் போச்சு: மினியேச்சர் வீரர்கள் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போகட்டும், விடு' என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவார்கள். இராணுவ மினியேச்சர்களும் மாடல் கிட்களும் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் 18,600 ரூபாய் கட்டி ஏமாந்து நிற்கிறோம். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கடைக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி நழுவுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நானும் என் மகனும் சேர்ந்து செய்கிற பொழுதுபோக்கு இது. அவன் எட்டாம் வகுப்பு. 1/72 அளவு பிளாஸ்டிக் வீரர்களில் ஆரம்பித்தோம். ஓர் ஆள் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டான். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிப்பதும், வாஷ் என்ற நீர்த்த வண்ணம் பூசி உடுப்பு மடிப்புகளில் நிழல் விழவைப்பதும் என் வேலை. முகம், பித்தான், குறுக்குப் பட்டை எல்லாம் அவன் கைவண்ணம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணிமைக்குக் கோடு போடுவான் பாருங்கள், போன் அடித்தால்கூட நான் எடுக்க மாட்டேன்.

என் மனைவிக்கு ஊர் வந்தவாசிப் பக்கம். கோட்டையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம்: 1760 ஜனவரி 22, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையும் மோதிய வந்தவாசிப் போரை மேசைமேல் செய்ய வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறிய நேரத்தைத்தான் செய்ய வேண்டும் என்று நோட்டில் வரைந்தே வைத்துவிட்டான். அதற்கு 28 மில்லிமீட்டர் அளவில், உலோக வார்ப்பில், அந்தக் காலத்து வீரர்கள் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படித் தேடும்போது கண்ணில் பட்டதுதான் இந்தக் கடை.

நம்பிய இடத்தைச் சொல்கிறேன். போனில் பேசியவர் விலையைப் பற்றியே முதலில் பேசவில்லை. என் மகனிடம் கொடுக்கச் சொன்னார். "தம்பி, லாலியோட ரெஜிமெண்ட் பிரெஞ்சுப் படைதான், ஆனா ஐரிஷ்காரங்க. சிவப்புக் கோட்டுதான் போட்டிருப்பாங்க. எல்லாருக்கும் வெள்ளை அடிச்சு வச்சிடாதீங்க" என்றார். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இவ்வளவு விஷயம் தெரிந்த மனுஷன் ஒரு பிள்ளையை ஏமாற்றுவாரா? பளபளவென்று உலோக வீரர்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. 60 வீரர்கள், 18,600 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. அன்று இரவே யூபிஐயில் அனுப்பினேன்.

பெட்டி வந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. உலோகம் என்றால் கனமாக, தொட்டால் சில்லென்று இருக்கும். இது காற்றாக இருந்தது. எல்லாம் ரெசின், அதாவது அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக். யாரோ செய்த அசலை சிலிக்கோன் அச்சில் எடுத்து ஊற்றிய கள்ள நகல். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக் குமிழி வெடித்த பள்ளம். துப்பாக்கியை நிமிர்த்தப் போனால் பொட்டென்று ஒடிகிறது. சில உருவங்கள் சரியாக இறுகாமல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன, நாற்றம் வேறு. இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது. அதைப் பிள்ளை கையில் கொடுக்க அனுப்பியிருக்கிறார்கள்!

இன்னொன்றைக் கண்டுபிடித்தது மகன். "அப்பா, தொப்பியைப் பாருங்க." வந்தவாசியில் நின்றவர்களுக்கு மும்முனைத் தொப்பி. வந்திருந்தவர்கள் தலையில் நெட்டையான உருளைத் தொப்பி. ஆங்கிலேயப் படைக்கு அது 1800 வாக்கில்தான் வந்தது. நெப்போலியன் காலத்து ஆட்களைத் தலையில் கட்டிவிட்டார்கள். லாலி ரெஜிமெண்டின் கோட்டு நிறம் தெரிந்தவருக்கு இந்தத் தொப்பி தெரியாதா? தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "கொரியர்ல மாறியிருக்கும் சார், பார்க்கிறேன்." அப்புறம் "மெட்டல் ஸ்டாக் இல்ல, அதே தரத்துல ரெசின் போட்டிருக்கோம்." அதற்கும் மசியவில்லை என்றதும் "திறந்த பெட்டிக்கு ரிட்டர்ன் கிடையாது சார்." பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பது எப்படி ஐயா தெரியும்? கடைசியில் அடுத்த ஆர்டருக்குப் 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன் ஒன்றை நீட்டினார்கள். 18,600 ரூபாயை விழுங்கிவிட்டு இன்னும் கொண்டுவா என்கிறார்கள். மகனே ஒரு குரல் பதிவு அனுப்பினான், "அங்கிள், மாத்திக் கொடுங்க ப்ளீஸ்" என்று. கேட்டதற்கு அடையாளமாக மைக் குறி நீலமானது. மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். பணத்தைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

விவரமாக யோசனைகள் எழுத நினைத்தேன். கை ஓடவில்லை, முக்கியமானது மட்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். விளம்பரப் படத்தை நம்பாமல், உங்களுக்கு வரப்போகும் அதே உருவங்களைத் தராசில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உலோகமா ரெசினா, எந்த அளவு, யார் வார்த்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெட்டி பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். அசட்டுக் காரணம் சொன்னால் 1915 நுகர்வோர் உதவி எண். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930, அதுவும் உடனே. ஆன்லைன் கடைகளின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020 விதி இருக்கிறது. இந்தக் கடையில் அப்படி ஓர் அலுவலர் பெயரே கிடையாது. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள்.

இப்படி ஒரு கடையில் பணம் கட்டிவிட்டு "அடுத்த வாரம் வரும்" என்ற பதிலோடு யாராவது காத்திருந்தால், இன்றைக்கே வங்கியைக் கூப்பிடுங்கள். என் 18,600 ரூபாயை நான் விடுவதாக இல்லை.