பைப் அப்படியே இருக்கிறது, நட்டுத்தான் போகிறது

வவுனியாவில் இருக்கிற நண்பன் ஒருவன் என்னுடையதைப் போலவே பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றை வாங்கிவிட்டு, "மச்சான், உன்ர காரில போட்டிருக்கிற சைலன்சர் எப்படி, நானும் போடலாமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. போன கிழமைதான் பின் பிளாஞ்சின் (பைப்புகளைப் பொருத்தி போல்ட் போடும் தகடு) போல்ட்டை காஸ் பிடித்து வெட்டி எடுத்தோம். கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன். கம்பனியின் பெயர் வேண்டாம்.

முதலில் நியாயம். புகையைச் சுத்தம் செய்யும் கட்டலைசருக்குப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் வருகிற 304 ரக ஸ்டெயின்லெஸ் செட் இது. இந்தக் காரில் இருப்பது ரொட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றுவது. அதற்குப் பின்னால் ஒரு பைப் இத்தனை காலம் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். சுமையில் ஓடும்போது அந்தப் புகை 900 பாகையைத் தாண்டும். எரிந்து முடியாத பெற்றோலும், சீல்களுக்காக எஞ்சின் தானே குடிக்கிற ஒயிலும் கூடவே வரும். சாதாரணக் காருக்குச் செய்த சைலன்சரை இதில் மாட்டினால் உள்ளே அடைத்த கண்ணாடிப் பஞ்சு கருகி உதிர்ந்து வால் வழியே பறந்துவிடும்; மிஞ்சுவது வெறும் டப்பா. என்னுடையதில் துளைக்குழாயை ஒட்டி முதலில் உருக்குக் கம்பிப் பஞ்சு, அதற்கு மேல்தான் மற்றது. போட்ட அன்றைய சத்தம் இன்றும் அப்படியே இருக்கிறது. சூட்டில் 304 சாதாரண இரும்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். அதற்கு இடம் விட்டு நடுவில் பெல்லோஸ் என்கிற மடிப்புக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதனால் ஒரு வெல்டிங்கும் வெடிக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம்.

ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் வழியில், எழுபதில் ஐந்தாம் கியரில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500க்கும் 3,000க்கும் இடையில் சுற்றும்போது காதுக்குள் ஒரு முரல் வரும். கியரை மாற்றினால் போய்விடும். அதைப் பெரிதாக்க மாட்டேன்.

என் கோபம் நட்டோடுதான். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு, பிளாஞ்சுக்குப் போட என்று பெட்டிக்குள் ஒரு பொலித்தீன் பையில் வைத்து அனுப்பியது நாகப்பூச்சு (சிங்க்) அடித்த சாதாரண இரும்பு போல்ட். நாகம் 419 பாகையில் உருகும். முன் பிளாஞ்சில் அந்தப் பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்று யாராவது யோசித்தார்களா? பின்னால் சூடு குறைவு, அங்கே வேறு கதை. ஸ்டெயின்லெஸும் சாதாரண இரும்பும் தொட்டுக்கொண்டிருக்க நடுவில் உப்புத் தண்ணீர் பட்டால், அரிக்கப்படுவது இரும்புதான். அதுவும் ஸ்டெயின்லெஸ் பரப்பு பெரிதாகவும் இரும்பு சின்னதாகவும் இருந்தால் அரிப்பு இன்னும் வேகம். ஒரு முழு பைப்பும் சேர்ந்து நாலு நட்டைத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பைப் வாங்கினதால்தான் நட்டு சீக்கிரம் போகிறது!

நான் இருப்பது திருகோணமலைக் கடற்கரையோரம், உப்புவெளியில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிரச்சினை இல்லை, தரைப்பக்கமிருந்து வருகிற காய்ந்த காற்று. வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கினால் மழையும் கடல் உப்பும் சேர்ந்தே வரும். கார் தினமும் தூரம் ஓடினால் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். வீட்டிலிருந்து ஐந்து சந்திக்குப் போய் வருகிற ஓட்டத்தில் எங்கே காய்வது?

கழற்றாமல் விட்டுவிடலாமே என்பீர்கள். இந்தக் காரில் கிளட்ச் வேலை வந்தாலும் சைலன்சரைக் கழற்ற வேண்டும், கட்டலைசரைப் பார்ப்பதற்கும் கழற்ற வேண்டும். போன கிழமை பின் நட்டைப் பார்த்தபோது அறுகோணமே இல்லை, உருண்டையாக, தட்டினால் அடுக்கடுக்காக உரிகிறது. துரு ஒயில் அடித்து ஒரு இரவு விட்டும் ஸ்பானர் வழுக்கியது. கராஜ் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது கழற்றுற சாமான் இல்ல, வெட்டுற சாமான்" என்றார். வெட்டினோம். பக்கத்தில் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் தொங்கியும் சூட்டில் இளகிப்போனது, அதற்கும் காசு.

இந்த முறை வாகன உதிரிப்பாகக் கடைக்குப் போகாமல் மீன்பிடிப் படகுச் சாமான் கடைக்குப் போனேன். 316 ரக போல்ட் வைத்திருக்கிறார்கள். மொலிப்டினம் கலந்தது, உப்புக்கு 304ஐ விடத் தாங்கும். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வெறுமனே முறுக்கினால் மரை ஒன்றோடொன்று கடித்துப் பூட்டிக்கொள்ளும், பிறகு அதையும் வெட்டத்தான் வேண்டும். நிக்கல் கலந்த பசையைப் பூசிவிட்டு மெதுவாகக் கையால் முறுக்கினோம். வாடை கழிந்ததும் பார்த்துச் சொல்கிறேன். சைலன்சர் கம்பனிக்காரன் தெரிந்திருக்க வேண்டியதைப் படகுக் கடைக்காரர் கேட்காமலே சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல்.

நண்பனுக்கு இரண்டு விஷயம். வாங்கப் போகும்போது ஒரு காந்தம் கொண்டு போ. 304 என்று சொல்லிவிட்டு நேர் பைப்பில் காந்தம் இறுக ஒட்டினால் அது வேறு ரகம். வளைவில் இலேசாக இழுத்தால் பயப்படாதே, வளைக்கும்போது அப்படி ஆகும். அடுத்தது, கட்டலைசரை எடுத்துவிட்டு வெறும் பைப் போடு என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதே. புகைச் சோதனையில் ரொட்டரி அது இல்லாமல் தேறுவது கஷ்டம், சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை. அதற்குப் பதில் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயிலைப் பார். கொயில் சோர்ந்தால் எரியாத பெற்றோல் கட்டலைசருக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும். அடைபட்டால் சூடு திரும்பி எஞ்சினுக்குத்தான்.

சைலன்சர் வாங்கலாமா? வவுனியாவில் கடல் இல்லை, நீ தாராளமாக வாங்கு. என்னைக் கேட்டால் இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன், இத்தனை புகழ்ந்த பிறகும். "அப்படியென்றால் உன்னுடையதை எனக்கே தாவன்" என்று எழுதியிருக்கிறான். தரலாம், நடு பிளாஞ்சில் இன்னும் பெட்டியோடு வந்த போல்ட்தான் இருக்கிறது. வரும்போது காஸ் சிலிண்டருக்குக் காசு கொண்டு வா.