உடைந்த வளையலும் வெட்டிய கண்ணாடியும்: சண்டிகர், டஸ்கனி சிற்பத் தோட்டங்கள் ஓர் ஒப்பீடு

கற்பனை விளையாடும் திறந்தவெளிச் சிற்பத் தோட்டம் ஒன்றைப் பார்த்துவர விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று, சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கிய ராக் கார்டன். மற்றொன்று, இத்தாலியின் டஸ்கனி பகுதியில் காபால்பியோ என்னும் ஊருக்கு அருகில் நிக்கி த சேன் ஃபால் எழுப்பிய டாரட் தோட்டம். இருவருமே கலைக் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர், தாமாகவே கற்றுக்கொண்டவர்கள். இருவரும் இரும்பாலான எலும்புக்கூட்டின்மீது சிமென்ட் பூசி, அதன்மேல் சில்லுகளைப் பதித்தே உருவங்களைப் படைத்தார்கள். படங்களில் பார்த்தால் இரண்டு தோட்டங்களும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். நேரில் நடந்து பார்க்கும்போதோ, அவை நேரெதிரான அனுபவங்களைத் தருகின்றன. சண்டிகரில் பாதைதான் நம்மை ஆள்கிறது. டஸ்கனியில் சிற்பமே நம்மை உள்ளே அழைத்துக்கொள்கிறது. எதைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பிறந்த கதையிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். பிரிவினையின்போது இன்றைய பாகிஸ்தான் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேயின் திட்டப்படி புதிய நகரம் எழுந்துகொண்டிருந்தபோது, அதற்காக அகற்றப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளைத் தம் மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு, சுக்னா ஏரிக்கு அருகில் இருந்த வனப்பகுதிக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே எதையும் கட்டக் கூடாது என்பது சட்டம். ஆகவே 1957 முதல் வேலை நேரம் முடிந்த பிறகு, பெரும்பாலும் இரவில், யாருக்கும் தெரியாமல் உழைத்தார். 1975 வாக்கில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, சுமார் 12 ஏக்கர் பரப்பில் முற்றங்களும் நூற்றுக்கணக்கான உருவங்களும் உருவாகியிருந்தன. இடித்துத் தள்ளியிருக்க வேண்டிய அந்தக் கட்டுமானத்தை மக்களின் ஆதரவு காப்பாற்றியது. 1976இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் 50 தொழிலாளர்களும் தரப்பட்டனர். 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நிக்கிக்கு ஒளிந்து வேலை செய்யும் கட்டாயம் இருக்கவில்லை. பார்சிலோனாவில் கட்டடக்கலைஞர் கௌடியின் குவெல் பூங்காவைக் கண்ட நாளிலிருந்து இப்படியொரு தோட்டத்தை அமைக்க வேண்டும் என்ற ஆசை அவரிடம் இருந்தது. நண்பர்கள் நிலம் அளித்தார்கள். 1970களின் இறுதியில் வேலை தொடங்கியது. தம் பெயரில் வெளியான வாசனைத் திரவியத்தின் வருவாயையும் இதில் செலவிட்டார். குறிசொல்லப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டின் 22 முதன்மைச் சீட்டுகளே இங்குள்ள உருவங்களுக்கு அடிப்படை. அவருடைய கணவரான சுவிஸ் சிற்பி ழான் டிங்கெலி இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்துத் தந்தார். 1998 மே மாதத்தில் தோட்டம் திறக்கப்பட்டது. ஆக, ஒன்று மறைவில் வளர்ந்து பிறகு அரசின் கைக்கு வந்தது. மற்றொன்று திட்டத்தோடு தொடங்கிக் கடைசிவரை ஒருவரின் கைக்குள்ளேயே இருந்தது.

பொருட்களைப் பார்ப்பதற்கு நிதானம் தேவை. இரண்டு தோட்டங்களிலும் பலர் தவறவிடுவது இதைத்தான். சண்டிகர் தோட்டத்தின் இரண்டாம் பகுதியில் மேடை மேடையாக, ஒரு படையைப் போல அணிவகுத்து நிற்கும் உருவங்களில் ஒரு பெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்துச் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஆடை முழுவதும் உடைந்த கண்ணாடி வளையல்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சிறிய வில் என்பதால், அவற்றை அடுக்கும்போது நேர்கோடு வருவதே இல்லை. பச்சையும் சிவப்பும் மஞ்சளும் அலையலையாக இறங்குகின்றன, வளையலின் வளைவே துணியின் மடிப்பாகிவிடுகிறது. அந்தப் பொருளுக்கென்று ஏற்கெனவே இருந்த வடிவத்தை அவர் வீணாக்கவில்லை. மிதிவண்டிச் சட்டங்கள் உடல்களாகவும், முன்கவைகள் கால்களாகவும், இருக்கைகள் விலங்குத் தலைகளாகவும் மாறியதிலும் இதே பார்வைதான் தெரிகிறது. உடைந்த பீங்கான் கோப்பைகள், மின்சாரச் சாமான்கள், தார் பீப்பாய்கள், ஆற்றுப்படுகைகளில் தேடி எடுத்த விசித்திரமான கற்கள் ஆகிய எதுவுமே தன் பழைய அடையாளத்தை முழுதாக மறைத்துக்கொள்வதில்லை. இடம்பெயர்ந்து வந்த ஒருவர், இடம்பெயர்க்கப்பட்ட கிராமங்களின் எச்சங்களைப் பொறுக்கி ஒரு குடியிருப்பையே மீண்டும் கட்டியிருக்கிறார் என்ற எண்ணம் அங்கே நிற்கும்போது மனத்தைவிட்டு அகலுவதில்லை.

நிக்கி கழிவுப் பொருளை நாடவில்லை. கண்ணாடியையும் பீங்கானையும் தேவைக்கேற்ப வெட்டியும் சுட்டும் பயன்படுத்தினார். வளைந்த பரப்புக்கு ஏற்ற வளைந்த ஓடுகளை அந்த இடத்திலேயே அச்செடுத்துச் சுட்டார்கள். உள்ளூர் ஆட்களே பயிற்சி பெற்று இந்த வேலையைச் செய்தார்கள். அவர்களுள் ஒருவர் அந்த ஊரின் தபால்காரர். இதன் உச்சம் ‘பேரரசி’ உருவத்தின் உட்புறம். சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்ஸ் போலப் படுத்திருக்கும் இந்தப் பெரும் பெண்ணுருவுக்குள் நிக்கி பல ஆண்டுகள் குடியிருந்தார். அவருடைய சமையலறையும் படுக்கையறையும் அதற்குள்ளேதான் இருந்தன. சுவர், கூரை, தூண் என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாமே வளைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. அவ்வளவும் கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிலிருந்து சற்றே சாய்ந்து பதிந்திருப்பதால், நம் முகம் எங்கும் முழுதாகத் தெரிவதில்லை. ஒரு கண் இங்கே, காது அங்கே, பின்னால் நிற்பவரின் சட்டை நடுவில். ஒரு மனிதர் தாம் செய்த சிற்பத்துக்குள்ளேயே சமைத்து உண்டு உறங்கினார் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் அந்த அறையில் நிற்பதற்கும் இடையே எவ்வளவோ தூரம் இருக்கிறது.

நடக்கும் விதத்தில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன எதிர்நிலை தெளிவாகிறது. சண்டிகரில் வழி ஒன்றே ஒன்று. குறுகிய சந்துகளும் உயர்ந்த சுவர்களும் அடுத்து வரப்போவதை மறைத்துவிடுகின்றன. நுழைவாயில்கள் வேண்டுமென்றே தாழ்வாக அமைக்கப்பட்டவை. குனியாமல் கடக்க முடியாது. குனிந்து நிமிரும் அந்தக் கணத்தில் ஒரு முற்றம் விரிகிறது, ஓர் அருவி கொட்டுகிறது, அல்லது நூறு குரங்கு உருவங்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. உருவங்களை நாம் தொட முடியாது. அவை சரிவுகளில் விலகி நிற்கின்றன. எனினும் தோட்டமே ஒரு சிற்பம், அதன் குடைவுகளுக்குள்தான் நாம் நகர்கிறோம் என்ற உணர்வு விட்டுப் போவதில்லை.

டாரட் தோட்டத்தில் இன்ன வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வழிகாட்டிகள் வேண்டாம், வருபவர் தாமே தம் வழியைக் கண்டுகொள்ளட்டும் என்பது நிக்கியின் விருப்பம். ‘தலைமைப் பூசாரிணி’யின் நீலமுகம் வாயைத் திறந்து படிக்கட்டு வழியாக நீரைப் பொழிகிறது, அதன் தலைமேல் ‘மந்திரவாதி’யின் கண்ணாடி முகம், கீழேயுள்ள குளத்தில் டிங்கெலியின் இரும்புச் சக்கரம். அங்கிருந்து எந்தத் திசையிலும் போகலாம். உச்சி உடைந்த ‘கோபுரம்’ வரை ஏறலாம், ‘பேரரசர்’ கோட்டையின் தூண்களிடையே சுற்றலாம், ‘சூரிய’ப் பறவை நிற்கும் வளைவின் அடியில் அமரலாம். சில உருவங்கள் மூன்று, நான்கு மாடி உயரம். பலவற்றைத் தொடலாம், சிலவற்றின் உள்ளே புகலாம். சிமென்ட் பாதைகளில் நிக்கி தம் கையால் எழுதிய வாசகங்களும் சித்திரங்களும் உள்ளன. நிமிர்ந்தே நடப்பவர்களுக்கு அவை கிட்டுவதில்லை.

குழந்தைகளோடு செல்பவர்களுக்குச் சண்டிகர் தோட்டத்தின் மூன்றாம் பகுதியில் உள்ள பிரம்மாண்ட வளைவுகளும் அவற்றில் தொங்கும் ஊஞ்சல்களும் பெரிய ஈர்ப்பு. ஆனால் அதற்கு முன்னுள்ள நீண்ட நடையில் ‘தொடாதே’ என்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். தொட்டும் ஏறியும் அறிய விரும்பும் குழந்தைக்கு டாரட் தோட்டமே ஏற்றது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு இரண்டுமே எளிதல்ல.

பருவமும் நேரமும் எளிதாகச் சொல்லிவிடக்கூடியவை. சண்டிகர் தோட்டம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். கடுங்கோடையைத் தவிர்த்து, வார நாள் காலையில் செல்வது நல்லது, ஏனெனில் கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்தக் குறுகிய சந்துகளில் நின்று பார்க்க இடமிருக்காது. டாரட் தோட்டம் பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, அதுவும் பிற்பகலில் மட்டுமே திறக்கும். கண்ணாடிப் பரப்புகள் உச்சிவெயிலில் கண்ணைக் கூசச்செய்யும். வெயில் சாயும்போதுதான் ஆலிவ் மரங்களும் வானமும் அவற்றில் தெளிவாக விழுகின்றன.

இத்தாலிவரை செல்பவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் எண்ணிப்பார்க்கலாம். டாரட் தோட்டத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் பொமார்சோ இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வீச்சினோ ஒர்சினி என்னும் பிரபு, காட்டில் கிடந்த பாறைகளைக் கிடந்த இடத்திலேயே செதுக்கவைத்து உருவாக்கிய பூதங்களின் தோட்டம் அது. வாயைப் பிளந்த பூதமும், சாய்வாகவே கட்டப்பட்ட வீடும், வீரனைத் துதிக்கையில் பற்றிய யானையும் பாசி படிந்து நிற்கின்றன. வண்ணம் இல்லை, பளபளப்பு இல்லை. அச்சமும் வியப்புமே அதிகம். தனியாக அதற்கென ஒரு பயணம் போகச் சொல்லமாட்டேன். டாரட் தோட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டின் சுவையும் கூடும்.

பராமரிப்பு பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. தாம் மறைந்த பிறகு எதையும் கூட்டிச் சேர்க்கக் கூடாது என்று நிக்கி வகுத்துவிட்டார். ஓர் அறக்கட்டளை தோட்டத்தைக் காத்துவருகிறது. சண்டிகருக்கு அத்தகைய பாதுகாப்பான வரலாறு இல்லை. 1996இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த காலத்தில் நிதியுதவி நிறுத்தப்பட்டு, விஷமிகளால் உருவங்கள் சேதப்படுத்தப்பட்டன. 2015இல் அவர் மறைந்தார். 2025இன் தொடக்கத்தில் சாலை விரிவாக்கத்துக்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இடிபாடுகளால் எழுந்த ஒரு தோட்டத்தின் சுவரே இடிபாடாவதை ஏற்க மனம் வரவில்லை.

ஒன்றுக்கு மட்டுமே வாய்ப்பு என்றால் நான் சண்டிகரையே சொல்வேன். தனித்தனி உருவமாக எடுத்தால் நிக்கியின் பேரரசிக்கு ஈடான ஒன்று அங்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஒரு வளையல் துண்டிலிருந்து, பின்னர் விரிவடைந்த 40 ஏக்கர் அளவுக்கு ஒரே மனத்தின் ஓட்டம் தொடர்வதை அங்குதான் காலால் நடந்தே உணர முடிகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வழி ஒருபோக்காகச் செல்வதால், கற்களை மட்டுமே கொண்ட முதல் பகுதியை ‘இவ்வளவுதானா’ என்று விரைந்து கடந்துவிடாதீர்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று இரவில் நிறுத்தப்பட்ட கற்கள் அங்கேதான் நிற்கின்றன.